கான் மண் புத்தகத்தின் கடைசிக் கட்டம்

தோட்டத்து ஆபீசில் கான் மண் புத்தகத்தின் கடைசிக் கட்டத்தை இப்போது உங்களில் யாரும் நிரப்புவதில்லை என்று கேள்விப்பட்டேன். தேதி எழுதுகிறீர்களாம். எந்தக் கானிலிருந்து மண் அள்ளினோம், அது எங்கே போனது என்பதையும் எழுதிக் கையெழுத்தும் போடுகிறீர்களாம். ‘சொன்னவர்’ என்று தலைப்புப் போட்ட கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு இழுத்து வைத்திருக்கிறீர்களாம். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தக் கட்டம் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவன் பென்சன் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். ஆகவே பாதிக் கோபத்தை என் மேலேயே வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் பிறந்தவன். அப்பா கான் வெட்டுக்காரர், அம்மா கொழுந்து எடுத்தார். எங்கள் லயத்திலிருந்து கணக்கப்பிள்ளையாக வந்த முதல் ஆள் நான்தான். முதல் நாள் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனபோது, நேற்றுவரை என்னைக் காதைப் பிடித்துத் திருகியவர்கள் எல்லாரும் “ஐயா” என்றார்கள். அந்த ஒரு சொல் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டுப்போன முதல் பொருள் தேயிலை அல்ல.

கான் மண்ணைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. மழை நம் மலைகளிலிருந்து மண்ணைத் திருடிக்கொண்டு ஓடும். மலைக்குக் குறுக்கே வாய்க்காலாக வெட்டிய கான் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படித் தங்கிய மண்ணை அள்ளி, மறுபடி தேயிலைத் தூருக்கே போட வேண்டும். இதை எங்கள் அப்பா எந்தக் காகிதமும் பார்க்காமல் செய்துகொண்டிருந்தார். அரசாங்கம் தோட்டங்களை எடுத்துச் சில வருஷம் கழித்து, எழுபதுகளின் கடைசியில், அதற்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மழைக்கான்களில் தேங்கும் மண்ணை ஆற்றில் தள்ளக்கூடாது, மலைக்கே திருப்பிப் போட வேண்டும், நல்லதாக இருந்தால் சலித்து நாற்றுத் தவறணைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. எல்லாம் சரிதான். எந்தக் கான் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

அந்த வருஷம்தான் தவறணைப் பொறுப்பு என் கைக்கு வந்தது. தேயிலைக் குச்சியை ஒற்றை இலையோடு வெட்டி, பொலித்தீன் பையில் நட்டு, வேர் விடவைக்கிற இடம் அது. எங்களிடம் ஆறு மேடை இருந்தது. மேலே நாலு, கீழே இரண்டு. பைகளுக்கு வேண்டிய மண்ணைக் காட்டோரத்திலிருந்து லொறியில் கொண்டுவருவோம். கீழ் இரண்டு மேடைக்கு மண் வந்து சேர்ந்ததும் லொறி பழுதாகிப் படுத்துக்கொண்டது. வெட்டிய குச்சியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை ஒவ்வொரு நாளும் காலையில் ஜீப்பை நிறுத்தி, “பை நெரப்பியாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார். இறங்கக்கூட மாட்டார்.

தவறணைக்கு நேர் மேலே எங்கள் லயம். லயத்து வாசலை ஒட்டி வருகிற கான் தவறணை ஓரமாகத்தான் கீழே இறங்குகிறது. கான்காரர்கள் அதை அப்போதுதான் துப்புரவாக்கி, அள்ளிய மண்ணைக் கரையில் குவித்திருந்தார்கள். கறுப்பு மண். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் ஆபீசுக்குப் போய்ச் சுற்றறிக்கையை எடுத்து இன்னொரு முறை படித்தேன். மழைக்கான் என்று இருந்தது. இதுவும் மழைக்கான்தானே என்று நினைத்துக்கொண்டேன். லொறி இல்லாமலே வேலையை முடிக்க வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று என் முதுகில் நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

தவறணையில் வேலை செய்த பெண்களில் பாக்கியம் என்று ஒருவர் இருந்தார். எங்கள் காம்பராவுக்கு மூன்று காம்பரா தள்ளி இருந்தவர். சிறுவயதில் எனக்கு அவர் பாக்கியம் அக்கா. கணக்கப்பிள்ளையான பிறகு வெறும் பாக்கியம். அப்படிக் கூப்பிடுவதுதான் உத்தியோகத்துக்கு அழகு என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். பல வருஷங்களுக்கு முன்னால் கொழுந்துக் கூடையோடு மலையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது கால் முறிந்து, கோணலாகச் சேர்ந்திருந்தது. சரிவில் ஏற முடியாது. தவறணை சமதரை என்பதால் அந்த வேலை ஒன்றுதான் அவரால் செய்யக்கூடியது. வீட்டில் அவரை நம்பி இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். தவறணையும் இல்லை என்றால் அவருக்குத் தோட்டத்தில் வேறு வேலை இல்லை.

கான் மண்ணைச் சலித்துப் பையில் போடச் சொன்னபோது, மற்றவர்கள் சல்லடையை எடுக்கப் போனார்கள். பாக்கியம் மட்டும் நின்றார்.

“ஐயா, இது நம்ம லயத்துக் கான் மண்ணுங்களே.”

“அதுக்கென்ன?”

“அடுப்புச் சாம்பலெல்லாம் அதுலதாங்க கொட்டுறோம். தீவாளிக்கு லயத்துக்கு வெள்ளை அடிச்சா, சுண்ணாம்பு வாளியையும் தூரிகையையும் அந்தக் கான்லதாங்க கழுவுறது.”

“சாம்பல் உரம்தானே? வீட்டுப் பாத்திக்கு நீங்க போடலையா?”

“கத்திரிக்கு நல்லதுங்க. தேயிலைக்கு எப்படின்னு தெரியலீங்களே. ஒரு பத்துப் பையில மட்டும் போட்டுப் பாத்துட்டு...”

“வேலையப் பாரு பாக்கியம். நேரம் போகுது.”

இவ்வளவுதான் பேச்சு. நான் நடந்து போய்விட்டேன். மண் சுமக்கச் சோம்பேறித்தனம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொன்னவர் தவறணையிலேயே அதிகம் வேலை செய்கிறவர் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

தேயிலைக் குச்சி நன்றாக ஏமாற்றும். உள்ளே ஒன்றும் நடக்காவிட்டாலும் இலை பச்சையாகவே நிற்கும். முதல் மாதம் துரை வந்து பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவது மாதமும் பச்சைதான். மூன்றாவது மாதம் மேல் நாலு மேடையிலும் இலைகள் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்தன. கீழ் இரண்டு மேடையில் புதுத் துளிர் விட்டிருந்தது.

பெரிய துரை அன்றைக்கு ஜீப்பை விட்டு இறங்கினார். எனக்கு மேலதிகாரியான பெரிய கண்டாக்கு அவருக்குப் பின்னால், நான் அவருக்கும் பின்னால். துரை மேடைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இந்த நாலு மேடைக்கும் தண்ணி ஊத்துறது யாரு?”

“பாக்கியம் தொரை” என்றார் கண்டாக்கு.

“கீழ ரெண்டுக்கும்?”

“அது வேற ஆளு.”

துரைக்கு அது போதும். நானும் அவர் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஒரே குச்சி, ஒரே பந்தல், தண்ணீர் ஊற்றுகிற ஆள் மட்டும் வேறு. மண்ணும் வேறு என்பது அங்கே நின்ற ஆண்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“இந்தப் பொம்பளைய நாளையிலேருந்து கொழுந்துக்குப் போடு. தவறணைக்கு வேற ஆள் பாரு” என்றார் துரை.

பாக்கியம் பூவாளியைக் கீழே வைத்தார். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “சரிங்க தொரை” என்று மட்டும் சொல்லிவிட்டு, கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதை எழுதி என்ன பயன்? எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் இருந்தது. அது ஒன்று. இன்னொன்று, நான் செய்தது விதிப்படி சரி என்று என்னிடம் நானே வாதாடிக்கொண்டிருந்தேன். சுற்றறிக்கையில் இருக்கிறபடி செய்தவன் எப்படிக் குற்றவாளியாவான்? மண்தான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம்? ஒருவேளை தண்ணீர்தானோ என்னவோ! வாயைத் திறக்காமல் இருக்க இப்படி எத்தனையோ நல்ல காரணங்கள் கிடைக்கும். உங்களுக்கும் கிடைக்கும். காரணங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றால், நாம் எதையோ மூடி வைக்கிறோம் என்று அர்த்தம்.

அடுத்த நாள் பெரட்டுக்குப் பாக்கியம் கூடையோடு வந்தார். ஒன்பதாம் நம்பர் மலை அவருக்குக் கிடைத்தது. தவறணையிலிருந்து பார்த்தால் அந்த மலை முழுதும் தெரியும். மற்றப் பெண்கள் நேராக ஏறினார்கள். அவர் பக்கவாட்டில் ஓர் அடி வைத்து, தேயிலைத் தூரைப் பிடித்துக்கொண்டு, கோணல் காலை இழுத்து ஏறினார். இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தார். நான் பார்க்கக்கூடாது என்று கீழ் மேடைகளுக்குப் போனால், அங்கிருந்தும் தெரிந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கொழுந்து நிறுக்கும்போது அவருடைய கொழுந்து குறைவாக இருந்ததால் அரைப் பேர்தான் போட்டார்கள், பாதிநாள் கூலி. கூடையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போகையில், “சாப்பிட்டீங்களாய்யா?” என்று எப்போதும் போலக் கேட்டார். 

நாலாம் நாள் தேயிலை ஆலோசனைக்கு வருகிற உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். துரை கூப்பிட்டிருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. சிங்களவர், என்னைவிட இரண்டு வயது சின்னவராகத்தான் இருப்பார். ஆனால் அந்த ஒரு காலையில் அவரிடம் நான் படித்ததைத்தான் என் உத்தியோகம் முழுதும் செலவு செய்தேன்.

அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மேல் மேடையிலிருந்து ஒரு பையையும் கீழ் மேடையிலிருந்து ஒரு பையையும் எடுத்துக் கிழித்து, இரண்டு குச்சிகளையும் வாளித் தண்ணீரில் அலசினார். கீழ் மேடைக் குச்சியில் வெள்ளை வேர்கள் தொங்கின. மேல் மேடைக் குச்சியில் ஒரு வேரும் இல்லை. அடியில் மட்டும் வெந்த பயறு அளவுக்கு வீங்கியிருந்தது.

“பாருங்க, தண்ணி பிழை இல்ல” என்றார். “வேர் விட முயற்சி பண்ணியிருக்கு. மண் விடல.”

பிறகு ஒரு வெள்ளைப் பீங்கானில் இரண்டு மண்ணிலும் ஒவ்வொரு சிட்டிகை வைத்து, சிறு போத்தலிலிருந்து சாயத்துளி விட்டார். காட்டோர மண்ணில் சாயம் செம்மஞ்சளாக நின்றது. மற்றதில் பச்சையாக மாறியது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். சுண்ணாம்பும் சாம்பலும் அந்தப் புளிப்பைத் தின்றுவிடும். இதை இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். எங்கள் லயத்தில் தலைமுறை தலைமுறையாக அவரைக்கும் கத்திரிக்கும் சாம்பல் போட்டு வளர்த்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

“இந்த மண் எங்கேர்ந்து?” என்று அவர் கேட்டார்.

துரை கண்டாக்கைப் பார்த்தார். கண்டாக்கு என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு தலை மட்டும் வரிசைக்குப் பின்தங்கி அசைந்துகொண்டிருந்தது.

“லயத்துக் கான்லேருந்து எடுத்தது தொரை. நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. “பாக்கியம் அன்னைக்கே சொன்னாங்க. சாம்பல் இருக்கு, சுண்ணாம்பு இருக்கு, பத்துப் பையில போட்டுப் பாப்போம்னு சொன்னாங்க. நான் கேக்கல.”

துரையின் முகம் சிவந்தது. “மூணு நாளா ஒன் வாய் எங்க போச்சு?” என்றார்.

  என் வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு, சப்பாத்து நுனியைப் பார்த்தபடி நின்றேன்.

அப்போது அந்த உத்தியோகத்தர் பீங்கானைக் கழுவிக்கொண்டே, துரையிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு எனக்கும் விளங்க வேண்டும் என்று தமிழிலும் சொன்னார். “இதுல பாதித் தப்பு எங்களோடது. அந்தக் கடிதம் எழுதின மேசையில நானும் இருந்தேன். கான் மண்ணுன்னு எழுதினோம். எந்தக் கான்னு எழுதல. நாங்க யாரும் லயத்துப் பக்கம் போய்ப் பாக்கல.”

அவர் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லாமல் ஜீப்பில் ஏறிப் போயிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை. தன் தலையில் விழாத பழியில் பாதியைக் கையை நீட்டி வாங்கிக்கொண்ட ஒரு மனிதரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. துரை என் பக்கம் திரும்பி, செத்த பைகளை எல்லாம் நானே முன்னால் நின்று காலி செய்ய வேண்டும், இந்தத் தோட்டத்தில் எந்தக் கான் மண் எங்கே போகலாம் என்று நானே எழுதிக் கொண்டுவர வேண்டும் என்றார். வேலை தப்பியது. இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோற்றில் அந்த மனிதருக்குப் பங்கு உண்டு.

பாக்கியத்தைக் கூப்பிட ஆள் அனுப்பப் பார்த்தார் கண்டாக்கு. நானே போகிறேன் என்று மலையேறினேன். அவர் ஒரு தூரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, தவறணைக்கு வாங்க. தொரைகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்.”

அவர் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “அக்காங்கிறது இன்னைக்குத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சாக்கும்?”

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே, நான் முன்னாடியே சொன்னேன்னு. ஏன் சொல்லல?”

“சொன்னா ஒன் சப்பாத்தக் கழட்டி அனுப்பியிருப்பாங்க. நம்ம லயத்துலேருந்து ஒரு புள்ள இப்பத்தான் ஆபீசு படியேறியிருக்கு. எங்காலு ஏற்கனவே கோணலு. மலை ஏறுனா என்ன, இன்னுங் கொஞ்சம் கோணும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “ஆனா நீ வருவேன்னு தெரியும் தம்பி. மூணு நாளாகும்னுதான் நெனைக்கல.”

கூடையை நான் வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் பெண்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை கொழுந்துக் கூடையோடு மலையிறங்குவதை அதற்கு முன்னால் அந்தத் தோட்டம் கண்டதில்லை.

அடுத்த பத்து நாளும் நான் கான்களோடு கான்களாகத் திரிந்தேன். நீங்கள் ஆபீசில் ஒட்டியிருக்கிற தாள் அப்போது எழுதியதுதான், பிறகு யார் யாரோ அழகுபடுத்தி இருக்கிறார்கள். மலைக்கான் மண் அந்த மலைக்கே, கானுக்கு மேல் பக்கமாகத் திரும்பிப் போக வேண்டும். ரோட்டோரக் கான் மண்ணில் தாரும் எண்ணெயும் இருக்கும், அதை ரோட்டுப் பள்ளத்துக்குத்தான் போட வேண்டும். எந்தக் குவியலும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலேயோ லயத்துக்கு மேலேயோ இருக்கக்கூடாது. மழைக்கு முன்னால் குவியலுக்குக் கீழே கல்வரிசை வைக்க வேண்டும். குவியல் பக்கத்தில் எந்தக் கான் என்று பலகை நட வேண்டும். தவறணைக்குப் போகிற மண்ணைச் சாயம் விட்டுப் பார்க்காமல் தொடக்கூடாது. எல்லாம் எழுதி முடித்த பிறகும் எனக்கு ஏதோ குறையாகவே பட்டது. இந்த விதி எல்லாம் அன்றைக்கே இருந்திருந்தாலும், பாக்கியம் சொன்னதை நான் கேட்காமல்தான் போயிருப்பேன். ஆகவே புத்தகத்துக்குக் கோடு போடும்போது கடைசியில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன். மண்ணைக் கிளறுவதற்கு முன்னால், அந்தக் கானுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் போய் இதில் என்ன ஓடுகிறது என்று கேட்க வேண்டும். கேட்டதற்குச் சாட்சியாக அவருடைய பெயர் அந்தக் கட்டத்தில் விழ வேண்டும்.

புத்தகத்தைத் தவறணைக்கு எடுத்துப் போய், முதல் வரியில் லயத்துக் கானை எழுதி, பாக்கியம் அக்காவிடம் நீட்டினேன். அவருக்கு எழுத வராது.

“எதுக்குத் தம்பி எம்பேரு?”

“நீங்க சொன்னதுனால. இனிமே யாரு சொன்னாலும் பேரு எழுதணும். எழுதினா, கேக்கலேன்னு யாரும் சொல்ல முடியாது.”

அவர் மை தொட்டுப் பெருவிரலை அழுத்தினார். விரலைச் சேலையில் துடைக்காமல், கையை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப இன்னொன்னு சொன்னா அதையும் எழுதிக்குவியா?”

“சொல்லுங்க.”

“அன்னைக்குப் பையைக் காலி பண்ணப்ப, கான் மண்ணு காய்கறிக்கு நல்லது, பாத்திக்கு அள்ளிட்டுப் போங்கன்னு நீதானே ஆளுகளுக்குச் சொன்ன?”

“ஆமா. அந்த மண்ணு நல்லதுதானே?”

“அந்த மண்ணு நல்லதுதான். நேத்து மருந்து கலக்குற கொட்டாய்க்குக் கீழ இருக்கிற கானை வெட்டுனாங்க. புல்லுக்கு அடிக்கிற மருந்துப் பீப்பா கழுவுற தண்ணி பூரா அதுலதான் போகுது. ஐயாவே கான் மண்ணு நல்லதுன்னு சொல்லிட்டாருன்னு காலையிலேருந்து அதைச் சாக்குல அள்ளிக்கிட்டுப் போறாங்க. சொல்லலாமா வேணாமான்னு காலையிலேருந்து யோசிச்சுக்கிட்டே நிக்கிறேன்.”

 எந்தக் கான் என்று சொல்லாமல் கான் மண் என்று சொன்னவன் இப்போது நான். சுற்றறிக்கையாவது ஒரு தவறணையைத்தான் கொன்றது.

“யாரு யாரு எடுத்தாங்க?”

“மேல் லயத்துல ரெண்டு பேரு. நம்ம லயத்துல...” அவர் சற்றுத் தயங்கினார். “கடைசிக் காம்பரா.”

கடைசிக் காம்பரா எங்களுடையது. நான் ஓடினேன். அம்மா லயத்துக்குப் பின்னால் பாத்தியில் உட்கார்ந்து, ஒரு சாக்கு மண்ணைக் கொட்டி, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கட்டி உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முள்ளங்கி விதை ஒரு சிரட்டையில் இருந்தது. “என்னடா இது, வேலை நேரத்துல...” என்று அவர் ஆரம்பிப்பதற்குள், கையைப் பிடித்து எழுப்பிப் பீலிக்குக் கூட்டிப் போய், சவர்க்காரம் போட்டு முழங்கையிலிருந்து நகக்கண் வரைக்கும் நானே கழுவினேன். சின்ன வயதில் அம்மா என்னைக் கழுவிவிடுகிற மாதிரி. ஒரு தடவை கழுவியது போதாதென்று மறுபடியும் கழுவினேன். காற்சட்டை போட்ட மகன் பீலியடியில் நின்று அழுவதைப் பார்த்து அம்மா பயந்துபோனார்.

பொழுது சாய்வதற்குள் கான்காரர்களோடு போய் மூன்று பாத்திகளையும் தோண்டி, அந்த மண் முழுவதையும் திரும்ப அள்ளி, கொட்டாய்க்குப் பக்கத்திலேயே குழி வெட்டிப் புதைத்து வேலியடைத்தோம். ஒரு விதைகூட அதில் விழவில்லை, யாரும் எதையும் தின்னவில்லை. அம்மா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். பாக்கியம் அக்கா தவறணையிலிருந்தே ஓய்வு பெற்றார். இரண்டு பெண்களும் படித்தார்கள். மூத்தவள் டீச்சரானாள்.

அந்தப் பழைய புத்தகம் ஆபீஸ் அலுமாரியில் இன்னும் இருக்கும். எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் முதல் இரண்டு வரிக்கும் நேரே, ‘சொன்னவர்’ கட்டத்தில் ஒரே ஆளின் பெருவிரல்தான் இரண்டு தடவை பதிந்திருக்கிறது. முதல் வரி அச்சு மாதிரி இருக்கும். மருந்துக் கொட்டாய்க் கானை எழுதிய இரண்டாவது வரியில் எழுத்து அங்குமிங்கும் ஓடியிருக்கும். பீலியடியிலிருந்து நேரே வந்து, ஈரக் கையோடு நான் எழுதியது அது.